வெள்ளைக்கு அடியில் பச்சை: அமெரிக்கச் சமையலறை அலமாரிகளின் வண்ண வரலாறு

அமெரிக்க வீடுகளில் சமையலறை மர அலமாரிகளுக்கு மீண்டும் மீண்டும் பெயிண்ட் பூசும் வழக்கத்துக்கு ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டு வரலாறு உண்டு. புதிய அலமாரி செய்துகொள்ள ஆகும் செலவில் சிறு பங்கைக் கொண்டே பழையதைப் புதுப்பித்துவிடலாம் என்பது இவ்வழக்கம் நிலைத்ததற்கு முதற்காரணம். பழைய பூச்சைச் சுரண்டி எடுக்கும் பாட்டைத் தவிர்க்க விரும்பியவர்கள் அதன் மேலேயே புதிய பூச்சை ஏற்றினார்கள் என்பதால், ஒரே கதவில் பல தலைமுறைகளின் விருப்பங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து கிடக்கின்றன. அப்படலங்களை வரிசைப்படுத்திப் பார்க்கும்போது, ஒவ்வொரு காலமும் சமையலறையில் எதைக் கண்டு அஞ்சியது என்பது புலப்படும். அழுக்குக்கு அஞ்சினர், கிருமிக்கு அஞ்சினர், பழைய பாணி என்ற பேச்சுக்கும் அஞ்சினர். பெயிண்டுக்குள்ளேயே இருந்த ஈயத்துக்கு அஞ்சுவதற்குத்தான் நெடுங்காலம் ஆயிற்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அந்நாட்டின் கிராமப்புற வீடுகளில், இன்று காண்பதுபோல் சுவரோடு பொருத்திய அலமாரி வரிசை இருக்கவில்லை. தனித்து நிற்கும் ஒரு பாத்திர அலமாரி, மாவும் உப்பும் வைக்கும் மரப்பெட்டிகள், ஒரு மேசை ஆகியவையே பெரும்பாலான சமையலறைகளின் தட்டுமுட்டுச் சாமான்கள். இவை பைன், பாப்லர் போன்ற மலிவான மரங்களால் ஆனவை. கணுக்களும் நிறவேறுபாடும் மிகுந்த அம்மரங்களின் தோற்றத்தை மறைக்கவும், நீராவியும் புகையும் மரத்தில் ஏறாமல் காக்கவும் பெயிண்ட் தேவைப்பட்டது. காவி மண்ணும் மஞ்சள் மண்ணும் எளிதிற் கிடைத்த நிறப்பொடிகள். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் கண்டறியப்பட்ட பிரஷ்ய நீலம் என்னும் செயற்கை நிறப்பொடியும் கடல் கடந்து வந்து சேர்ந்திருந்தது. பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானியர் போன்றோரிடம் மர இழை வரைதல் என்னும் கைவேலையும் செழித்தது. அடிநிறம் பூசி உலரவிட்டு, மேலே பூசிய மெல்லிய நிறம் ஈரமாக இருக்கும்போதே அதைச் சீப்பாலும் துணியாலும் இறகாலும் கீறி, பைன் பலகையில் மகாகனி மரத்தின் ஓட்டம் தெரியும்படி செய்வது அக்கலை. ஏழை மரத்துக்குப் பணக்கார வேடம் போடும் இவ்வேலையைப் போலி என்று பிற்காலத்தார் இகழ்ந்தாலும், செய்தவர்கள் அதை மறைக்கவில்லை. இயற்கையில் எங்கும் காணமுடியாத சுழிகளையும் வளையங்களையும் வரைந்து, தங்கள் கைவரிசையைக் காட்டவே செய்தார்கள்.

அக்காலத்து அலமாரிகள் எல்லாம் பாற்பூச்சு பூசப்பட்டவை என்ற எண்ணம் பழம்பொருள் வணிகர்களிடையே பரவலாக உண்டு. பாலில் உள்ள கேசின் என்னும் புரதத்தைச் சுண்ணாம்போடு கலந்து, நிறப்பொடி சேர்த்துச் செய்யும் நீர்ப்பூச்சே பாற்பூச்சு எனப்படும்; காய்ந்தபின் இது கல்போல் இறுகி, சாதாரணக் கரைப்பான்களுக்கு அசையாது. இப்பூச்சு வழக்கில் இருந்தது மெய்தான் என்றாலும், மரச்சாமான்களில் மிகுதியாகப் பயன்பட்டது எண்ணெய்ப் பூச்சே. பாற்பூச்சின் புகழில் பெரும்பகுதி பிற்காலத்து ஏக்கம் உண்டாக்கியது.

எண்ணெய்ப் பூச்சின் உயிர்நாடி ஆளி விதை எண்ணெய். தண்ணீர் ஆவியாகிப் போவதுபோல் இவ்வெண்ணெய் உலர்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று, தன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து கெட்டியான படலமாக மாறுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இந்தியாவிலிருந்தும் ஆளி விதை அமெரிக்காவுக்குச் சென்றது. பாஸ்டன் வணிகர் பிரெடரிக் டியூடர் குளத்துப் பனிக்கட்டியை வெட்டிக் கப்பலேற்றி இந்தியாவில் விற்ற காலம் அது. சென்னைக் கடற்கரையில் 1842-இல் எழுந்து, இன்று விவேகானந்தர் இல்லம் என்று வழங்கும் ஐஸ் ஹவுஸ் அவ்வணிகத்துக்காகக் கட்டப்பட்டதே. கல்கத்தாவிலிருந்து பாஸ்டனுக்குத் திரும்பிய கப்பல்கள் ஏற்றிச்சென்ற சரக்குகளில் தோல், அவுரி, வெடியுப்பு ஆகியவற்றோடு ஆளி விதையும் இருந்தது.

இவ்வெண்ணெயோடு சேர்ந்த வெண்ணிறப் பொடி ஈய வெள்ளை. ஈயத் தகடுகளை வினிகர் ஊற்றிய மண்கலங்களில் வைத்து, அக்கலங்களைக் குதிரைச் சாணத்திலோ தோல் பதனிட்டு எஞ்சிய மரப்பட்டையிலோ சில மாதங்கள் புதைத்துவைத்தால், அங்கு எழும் வெப்பமும் கரியமில வாயுவும் வினிகரின் ஆவியும் சேர்ந்து தகட்டின் மேற்பரப்பை வெண்ணிற ஈயக் கார்பனேட்டாக மாற்றிவிடும். அதைச் சுரண்டி, கழுவி, அரைத்து எண்ணெயில் குழைத்தார்கள். ஈய வெள்ளை விரும்பப்பட்டது நிறத்துக்காக மட்டுமன்று. ஆளி எண்ணெயின் கொழுப்பு அமிலங்களோடு வினைபுரிந்து அது ஈய சோப்புகளை உண்டாக்குவதால், படலம் வளைந்துகொடுக்கும் தன்மை பெற்று, மரம் விரிந்து சுருங்கும்போது வெடிக்காமல் நிலைக்கும். நம் சித்த மருத்துவர்கள் மிருதார்சிங்கி என்று அறிந்த ஈய ஆக்சைடையும், பூச்சு விரைந்து காய்வதற்காக எண்ணெயில் இட்டுக் காய்ச்சினார்கள். ஆகவே வெள்ளை அல்லாத நிறங்களிலும் ஈயம் புகுந்தது.

இத்தகைய பூச்சை வீட்டார் தாமே செய்துகொள்வது அரிது. நிறப்பொடியைக் கற்பலகையில் இட்டுக் குழவியால் எண்ணெயோடு அரைக்கும் வேலை தேர்ந்த பெயிண்டரின் தொழில் இரகசியமாகவே இருந்தது. 1867-இல் டி. ஆர். அவெரில் என்பவர் ஆயத்தக் கலவைப் பெயிண்டுக்குக் காப்புரிமை பெற்றதும், அதற்கு முந்தைய ஆண்டில் கிளீவ்லாந்தில் தொடங்கப்பட்ட ஷெர்வின்-வில்லியம்ஸ் நிறுவனம் 1870-களில் கலந்த பெயிண்டை மீண்டும் மூடத்தக்க தகர டப்பாவில் விற்கத் தொடங்கியதும் இந்நிலையை மாற்றின. பார்வைக்கு எளிய அந்த டப்பாவின் விளைவு பெரிது. பாதி பயன்படுத்திய பெயிண்டை மூடிவைத்து அடுத்த ஆண்டு மீண்டும் திறக்கலாம் என்ற வசதி வந்த பிறகே, சமையலறை அலமாரிக்குப் பெயிண்ட் பூசுவது பெயிண்டரை அழைத்துச் செய்யும் வேலை என்ற நிலையிலிருந்து, விடுமுறை நாளில் வீட்டார் செய்துகொள்ளும் வேலையாயிற்று.

அலமாரியின் வடிவமும் இதே காலத்தில் மாறிக்கொண்டிருந்தது. கேத்தரின் பீச்சரும் அவர் தங்கை ஹாரியட் பீச்சர் ஸ்டோவும் 1869-இல் வெளியிட்ட இல்லற நூல், கப்பலின் சமையலறையை முன்மாதிரியாகக் காட்டி, எல்லாப் பொருளும் கைக்கெட்டும் தொலைவில் இருக்கவேண்டும் என்று வற்புறுத்தியது. அக்கருத்தைச் சந்தைப் பொருளாக்கியவர்கள் இண்டியானா மாநிலத்துத் தொழிலதிபர்கள். நியூ காசில் நகரின் ஹூசியர் நிறுவனம், எல்வுட் நகரின் செல்லர்ஸ் நிறுவனம் முதலியவை செய்த சமையலறைக் கேபினெட், ஒரே மரச்சட்டத்துக்குள் ஒரு சமையலறையையே அடக்கியது. மேற்பகுதியில் அடியில் சல்லடை பொருத்திய மாவுத்தொட்டி, நடுவில் முன்னே இழுத்துக்கொள்ளும் பீங்கான் எனாமல் பலகை, அதன் பின்னே சுருள் கதவு, கீழே ரொட்டிக்கான தகரம் அடித்த இழுப்பறை என்று அமைந்த அதனை, ஹூசியர் நிறுவனம் மட்டுமே 1920 வாக்கில் ஏறக்குறைய 20 லட்சம் விற்றிருந்தது. தொடக்கத்தில் இவை வார்னிஷ் பூசிய ஓக் மரத்தின் பொன்னிறத்தில் வந்தன. மரத்தின் இழையைக் காட்டுவதே அப்போது தரத்தின் அடையாளம்.

அந்த ஓக் நிறம் கால் நூற்றாண்டுகூட நிலைக்கவில்லை. நோய்க்குக் காரணம் நுண்கிருமி என்ற கொள்கை பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மருத்துவமனைகளிலிருந்து இல்லங்களுக்குள் இறங்கிவந்தபோது, அழுக்கை மறைக்கும் நிறம் குற்றமுள்ள நிறமாயிற்று. அழுக்கைக் காட்டிக்கொடுக்கும் வெள்ளையே நம்பத்தக்கது என்றாயிற்று. கிறிஸ்டீன் பிரெடரிக் 1912-இல் இதழ்க் கட்டுரைகளாகவும் அடுத்த ஆண்டு நூலாகவும் எழுதிய இல்லப் பணி முறைகள், தொழிற்சாலையின் நேரக் கணக்கைச் சமையலறைக்குக் கொண்டுவந்த அதே ஆண்டுகளில், வார்னிஷ் பூசிய பழைய அலமாரிகள் ஆயிரக்கணக்கான வீடுகளில் வெள்ளை எனாமலுக்குள் மறைந்தன. எனாமல் என்பது இங்கே உலோகத்தில் சுட்டு உருக்கிய கண்ணாடிப் பூச்சைக் குறிப்பதன்று; வார்னிஷில் நிறப்பொடி கலந்து, காய்ந்தபின் கண்ணாடிபோல் பளபளக்கும்படி செய்த பெயிண்டுக்கும் அதே பெயர் வழங்கியது. சோப்புத் தண்ணீரால் துடைக்கலாம் என்பது அதன் சிறப்பு. மேற்பூச்சில் துத்தநாக வெள்ளை கலந்திருந்தாலும், அதற்குக் கீழே பூசும் அடிப்பூச்சு ஈய வெள்ளையாக இருப்பது வழக்கம். நோய்க்கு அஞ்சிப் பூசிய வெள்ளை, தன்னோடு வேறொரு நோயை வீட்டுக்குள் கொண்டுவந்தது என்பதை இவ்வரலாற்றின் மிகக் கசப்பான முரண் என்றே கருதவேண்டும்.

1920-களில் வெள்ளை அலுத்துப்போயிற்று. கோலர் நிறுவனம் 1927-இல் வண்ணக் குளியல் தொட்டிகளையும் கை கழுவும் தொட்டிகளையும் அறிமுகப்படுத்தியது. கேபினெட் செய்தவர்களும் சாம்பல், தந்த நிறம், இளம்பச்சை ஆகியவற்றில் எனாமல் பூசி, கதவுகளில் பூ அச்சிட்டு விற்றார்கள். வெள்ளைக்கு மேல் பச்சை ஏறிய காலம் இதுவே. அந்தப் பச்சையில் பெயர்பெற்ற ஒரு வகை குரோம் பச்சை எனப்பட்டது. அது தனி நிறப்பொடியன்று, பிரஷ்ய நீலத்தோடு குரோம் மஞ்சளைக் கலந்தது. குரோம் மஞ்சளோ ஈயக் குரோமேட்.

அதே ஆண்டுகளில் ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரில், நகராட்சிக் குடியிருப்புகளுக்காக மார்கரெட் ஷுட்டே-லிஹோட்ஸ்கி 1926-இல் வடிவமைத்து, ஏறக்குறைய 10,000 வீடுகளில் பொருத்தப்பட்ட சமையலறையையும் இங்கு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அதன் அலமாரிகளுக்கு நீலம் கலந்த பச்சை பூசப்பட்டதற்குக் காரணம், அந்நிறத்தில் ஈக்கள் அமர்வதில்லை என்று ஆய்வாளர்கள் கூறியதே. மாவு இழுப்பறைகள் ஓக் மரத்தால் செய்யப்பட்டதற்கும், அம்மரத்தின் துவர்ப்புச் சத்து மாவுப் புழுவைத் தடுக்கும் என்ற கருத்தே காரணம். இங்கிலாந்தின் பழைய மாளிகைகளிலும் ஈக்கு அஞ்சிச் சமையலறைச் சுவருக்கு நீலம் பூசும் நம்பிக்கை இருந்தது. ஈக்கள் இந்நம்பிக்கைக்கு எவ்வளவு மதிப்பளித்தன என்பது வேறு கேள்வி. பிற்காலக் குடியிருப்போர் அச்சமையலறைகளில் பலவற்றுக்குத் தமக்கு விருப்பமான நிறம் பூசினர். பலவற்றைப் பெயர்த்தே எறிந்தனர். எஞ்சியவற்றில் ஒன்று இன்று நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் உள்ளது.

ஈயப் பூச்சு நஞ்சு என்பது அப்போது யாரும் அறியாத செய்தியன்று. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகர மருத்துவர்கள் 1892-இலேயே குழந்தைகளிடம் ஈய நஞ்சேற்றத்தைப் பதிவுசெய்தார்கள். அவர்களுள் ஒருவரான லாக்ஹார்ட் கிப்சன், வெயிலில் பொடிந்த திண்ணைக் கைப்பிடிகளின் பெயிண்டே அதற்கு மூலம் என்று 1904-இல் சுட்டிக்காட்டினார். கைப்பிடியைத் தொட்ட விரலைக் குழந்தை வாயில் வைப்பதே நஞ்சு உடலுக்குள் போகும் வழி. பிரான்சு 1909-இல் ஈய வெள்ளைக்கு எதிராகச் சட்டம் இயற்றியது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1921-இல் ஏற்ற உடன்படிக்கை, கட்டடங்களின் உட்புறப் பூச்சில் ஈய வெள்ளையைத் தடைசெய்தது. அமெரிக்கா அவ்வமைப்பில் சேர்ந்ததே 1934-இல்தான். உடன்படிக்கையை ஏற்கவும் இல்லை. மாறாக, அந்நாட்டின் பெரிய ஈய வெள்ளை உற்பத்தியாளரான நேஷனல் லெட் நிறுவனம், தன் சின்னமான டச்சுச் சிறுவனை நாயகனாக்கி, ஈயத்தின் பெருமை பேசும் வண்ணம் தீட்டும் புத்தகத்தைக் குழந்தைகளுக்காகவே 1923-இல் வெளியிட்டது. அறியாமையால் நேர்ந்தது என்று இதற்குச் சமாதானம் கூற இடமில்லை.

சமையலறை அலமாரி இதில் தனிக் கவனத்துக்குரியது. சுவரில் பூசிய பெயிண்ட் அசையாமல் கிடக்கும். இழுப்பறையும் கதவும் நாளொன்றுக்குப் பலமுறை இழுபட்டு, விளிம்போடு விளிம்பு உராய்கின்றன. ஒவ்வொரு பூச்சும் கதவைச் சற்றே தடிப்பாக்குவதால், பல கோட் ஏறிய கதவு சட்டத்தில் இறுகி, உராய்வு இன்னும் கூடும். உதிரும் தூள் பாத்திரத்தின் மீதும் தரையிலும் படியும். பழைய அலமாரிக் கதவின் கீல் பக்க விளிம்பைப் பார்த்தால், நடுவில் மரமும் அதைச் சுற்றி வெள்ளை, பச்சை, தந்தம் என்று கோடுகளும் தேய்ந்து தெரிவதற்குக் காரணம் இதுவே.

ஈயத்துக்கு மாற்று, சட்டத்தால் வருமுன்பே வேதியியலால் வந்தது. முதல் உலகப்போர்க் காலத்தில் நார்வேயிலும் அமெரிக்காவிலும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் தொழில்முறை உற்பத்திக்கு வந்த டைட்டானியம் டை ஆக்சைடு, ஈய வெள்ளையைவிட அடிநிறத்தை மறைக்கும் ஆற்றலில் பன்மடங்கு மேலானது. 1927 அளவில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் ராய் கீன்லே உருவாக்கிய ஆல்கிட் பிசின், எண்ணெயையும் செயற்கைப் பிசினையும் இணைத்து, விரைவில் உலர்ந்து கடினமாகும் எனாமலைத் தந்தது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் தண்ணீரில் கரைத்துப் பூசும் லேடெக்ஸ் பெயிண்டுகள் பெருகின. இதற்கிடையே எஃகுத் தகட்டில் செய்து, அடுப்பில் சுட்ட எனாமல் ஏற்றிய அலமாரிகளும் சில பத்தாண்டுகள் கோலோச்சின. மரத்தின் இடத்தை அவற்றால் நிலையாகப் பிடிக்க முடியவில்லை. ஒருமுறை கீறல் விழுந்தால் தூரிகையால் சரிசெய்ய இயலாத பரப்பு அவற்றுக்கு.

மறுபூச்சு உரிந்துவிடுவதற்குப் பெயிண்டின் தரத்தைப் பழிப்பது எல்லாக் காலத்திலும் உள்ள வழக்கம். உண்மைக் காரணம் பெரும்பாலும் பிசுக்கே. தாளிப்பிலும் பொரியலிலும் தெறிக்கும் சமையல் எண்ணெய், மெல்லிய படலமாகக் கதவில் படிந்து, வெப்பத்திலும் காற்றிலும் இருந்து ஆளி எண்ணெயைப் போலவே ஆக்சிஜனை ஏற்று இறுகுகிறது. அதாவது அடுப்புக்கு மேலுள்ள கதவில், யாரும் பூசாமலே ஒரு மஞ்சள் வார்னிஷ் தானாக ஏறிவிடுகிறது. ஆல்கிட் பெயிண்ட் செய்வதற்குச் சோயா எண்ணெயே மிகுதியாகப் பயன்பட்டது என்பதைக் கருதினால், வாணலிக்கும் பெயிண்ட் டப்பாவுக்கும் உறவு நெருக்கமானதே. வெறும் துணியால் துடைத்தால் இப்படலம் போகாது. அமெரிக்கப் பெயிண்டர்கள் டிரை சோடியம் பாஸ்பேட் என்னும் காரப்பொடியை வெந்நீரில் கரைத்துக் கழுவியது, காரம் எண்ணெயைச் சோப்பாக மாற்றிக் கரைத்துவிடும் என்பதால். கழுவியபின் உப்புத்தாளால் பளபளப்பைத் தேய்த்து எடுத்தால்தான் புதிய பூச்சுக்குப் பிடிப்பு கிடைக்கும். நஞ்சு கிளம்பும் இடமும் இந்தத் தேய்ப்பே.

1960-களிலும் 70-களிலும் நிறங்கள் மீதே வெறுப்பு மூண்டு, மரத்தின் இயல்பான தோற்றத்தை வெளிக்கொணரும் மோகம் பிறந்தது. கதவுகளைக் கழற்றிக் காஸ்டிக் சோடாத் தொட்டிகளில் முக்கினார்கள். மெத்திலின் குளோரைடு என்னும் கரைப்பானைப் பூசி, பொங்கிய பெயிண்டைப் பட்டி பிளேடால் வழித்தார்கள். ஒரு நூற்றாண்டுப் படலங்கள் ஒரு மாலைப்பொழுதில் போயின. அப்படி வெளிப்பட்ட பைன் மரம், எந்தக் காலத்திலும் கண்ணுக்குத் தெரியவேண்டும் என்று தச்சர் கருதாத மரம். இயல்பை மீட்பதாக எண்ணியவர்கள், ஒருபோதும் இல்லாத ஒரு பழமையை உருவாக்கினார்கள் என்றே சொல்லவேண்டும். இப்போதோ அசல் பூச்சோடு எஞ்சிய அலமாரிக்கே பழம்பொருள் சந்தையில் மதிப்பு. மெத்திலின் குளோரைடின் ஆவி உயிருக்கே உலை வைப்பது பல மரணங்களால் உறுதிப்பட்டு, வீட்டுப் பயன்பாட்டுக்கான பெயிண்ட் நீக்கியாக அதை விற்பது அமெரிக்காவில் 2019-இல் தடைசெய்யப்பட்டது.

எஞ்சிய பூச்சுகளைப் படிக்கும் கலையும் இதற்குள் வளர்ந்தது. கடுகளவு துணுக்கைப் பிசினில் பதித்து, குறுக்கே மெருகேற்றி, நுண்ணோக்கியில் வைத்தால் படலங்கள் மண் அடுக்குகள்போல் தெரியும். இரண்டு படலங்களுக்கு இடையே உள்ள கரிய கோடு, அடுத்த பூச்சு வருமுன் படிந்த புகையையும் பிசுக்கையும் குறிக்கும். ஆளி எண்ணெய்ப் படலம் இருளில் மஞ்சளாகவும் ஒளியில் வெளுக்கவும் செய்வதால், ஒரே நாளில் பூசிய கதவின் உட்புறமும் வெளிப்புறமும் வெவ்வேறு வெள்ளைகளாகத் தோன்றும்; அனுபவமற்றவர் அவற்றை இரண்டு காலத்துப் பூச்சுகளாகக் கணித்துவிடுவர். வர்ஜீனியாவின் வில்லியம்ஸ்பர்க் நகரைப் பதினெட்டாம் நூற்றாண்டுத் தோற்றத்துக்கு மீட்டவர்கள் 1930-களில் தேர்ந்த மங்கிய நிறங்கள் நாடெங்கும் நாகரிகமாயின. பின்வந்த நுண்ணோக்கி ஆய்வுகளோ, அசல் நிறங்களில் பல கண்ணைப் பறிக்கும் அளவுக்குப் பிரகாசமானவை என்றும், மங்கல் என்பது எண்ணெய் மஞ்சளித்ததன் விளைவே என்றும் காட்டின.

சட்டம் கடைசியாக வந்தது. பால்டிமோர் நகரம் 1951-இல் வீட்டின் உட்புறத்தில் ஈயப் பெயிண்டைத் தடைசெய்தது. 1955-இல் ஒரு சதவீத வரம்பைத் தொழில்துறை தானாக ஏற்றது. 1971-இல் ஈயப் பெயிண்ட் நஞ்சுத் தடுப்புச் சட்டமும், 1978-இல் வீட்டுப் பெயிண்டுக்கு நாடு தழுவிய தடையும் வந்தன. குழந்தைகளின் விழுந்த பற்களில் ஈயத்தை அளந்து, வெளிப்படையான நோய்க்குறி இல்லாதவரிடமும் அறிவுத்திறன் குறைவதைக் காட்டிய ஹெர்பர்ட் நீடில்மனின் ஆய்வு 1979-இல் வெளியாயிற்று. ஆனால் தடை புதிய டப்பாவுக்கு. கதவில் இருப்பதற்கு அன்று. 1978-க்கு முந்தைய வீடுகளில் பழைய பூச்சைக் கலைக்கும் ஒப்பந்ததாரர் பயிற்சிச் சான்று பெற்றிருக்கவேண்டும், தீச்சுடரால் எரித்து எடுக்கக் கூடாது, தூசி வடிகட்டி இல்லாமல் இயந்திரத்தால் தேய்க்கக் கூடாது என்ற விதிகள் 2010-இல் நடைமுறைக்கு வந்தபோதும், கூலி பெற்று வேலை செய்பவரையே அவை கட்டுப்படுத்தின. தன் வீட்டு அலமாரியைத் தானே தேய்ப்பவர் அவ்விதிக்கு வெளியே நிற்கிறார்.

உறுதியாக ஒட்டியிருக்கும் பழைய பூச்சைச் சுரண்டாமல் அதன்மேல் புதிய பூச்சை ஏற்றி அடைத்துவிடுவதே பல இடங்களில் பாதுகாப்பானது என்பதை இன்றைய பொதுச் சுகாதாரத் துறையினரும் ஏற்கின்றனர். உராயும் விளிம்புகளுக்கு மட்டும் அது பொருந்தாது. இந்தியாவில் வீட்டுப் பெயிண்டில் ஈயத்தின் அளவைப் பத்து லட்சத்துக்கு 90 பங்கு என்று வரம்பிட்ட விதிகள் 2016-இல் வெளியாகி, 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தன. அதற்கு முன்பு பூசிய கதவுகளையும் சன்னல்களையும் அலமாரிகளையும் அவ்விதிகள் தொடுவதில்லை. ஆகவே பழைய வீட்டு அலமாரியைப் புதுப்பிக்க முனைவோர், உலர்ந்த உப்புத்தாளைக் கையில் எடுக்குமுன் பூச்சில் ஈயம் உண்டா என்று சோதித்துக்கொள்வதும், தேய்த்தே ஆகவேண்டிய இடத்தை நனைத்துத் தேய்ப்பதும், வேலை முடிந்து தரையை ஈரத்துணியால் துடைத்து எடுக்கும்வரை குழந்தைகளை அவ்வறைக்குள் விடாதிருப்பதும் அவசியம்.